அம்மா மிச்சம் வைத்த காபி

2018 டிசம்பரில், அப்பாவின் வருஷாப்திகம் முடிந்த கையோடு மாயவரத்து வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைத் தில்லிக்கு அழைத்து வந்தேன். மயூர் விஹாரில் மூன்றாவது மாடி. குளிர், பாஷை, மாடிப்படி எதைப் பற்றியும் அம்மா குறை சொல்லவில்லை. காலைக் காபியை மட்டும் பாதி குடித்துவிட்டு டம்ளரை ஓரமாக வைத்துவிடுவாள். கேட்டால், "நன்னாத்தான் இருக்கு, எனக்குத்தான் இறங்கலை" என்பாள். பத்தாம் நாள், "பொங்கலுக்குள்ள என்னை ஊர்ல கொண்டு விட்டுடுடா" என்றாள். அங்கே யார் இருக்கிறார்கள்? பூட்டிய வீடுதான்.

அன்று டம்ளரில் மிஞ்சியதைக் குடித்துப் பார்த்தேன். (அம்மா தூக்கிக் குடிப்பவள், எச்சில் என்ற பேச்சே இல்லை.) ஒரே கசப்பு, அதுவும் கருகின கசப்பு. கடைக்காரரைக் குறை சொல்ல வழியில்லை. "நல்லா கறுக்க வறுத்தது, நைஸா அரைச்சது, சிக்கரி 40 சதவீதம்" என்று கேட்டு வாங்கியவனே நான்தான். கறுப்பாக இருந்தால் ஸ்ட்ராங் என்று இத்தனை வருஷமாக ஒரு நினைப்பு.

காபிக்கொட்டை வறுபடும்போது சுமார் 200 டிகிரியில் ஒருமுறை படபடவென்று வெடிக்கும். இன்னும் சூடேறினால் இரண்டாவது முறை, சன்னமாக. அதையும் எட்டிய பிறகு இறக்குவதுதான் டார்க் ரோஸ்ட். எண்ணெய் கசிந்து கொட்டை பளபளக்கும்; புளிப்பு அடங்கிக் கசப்பு முன்னுக்கு வரும். காஃபின் ஒன்றும் கூடிவிடாது. கொட்டை எளிதில் நொறுங்குவதால் அரைக்கும்போது மாவு அதிகம் விழுந்து ஃபில்டர் கண்களை அடைக்கும். சிக்கரியோ தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் டிகாக்ஷன் இறங்காது. பொடி வெந்நீரில் ஊறி ஊறிக் கசப்பைக் கக்கும். போதாக்குறைக்கு, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை நான் அப்படியே ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கறுத்த பொடியை விட மனமில்லை. மாயவரத்தில் அம்மா வாங்கியதும் அதுதான். தில்லியில் குடித்தனம் நடத்தும் நம்மவர்களுக்கு உதவுமே என்று அளவைச் சொல்கிறேன். பிளாண்டேஷன் ஏ, பீபெரி இரண்டும் சரிபாதி; சிக்கரி 15 சதவீதம்; அரைப்பது சன்ன ரவைப் பதம். ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் வாங்குவதில்லை. மூன்று பேருக்கு 30 கிராம் பொடி, 180 மில்லி தண்ணீர். கொதித்ததும் அடுப்பை அணைத்து ஒரு நிமிஷம் பொறுத்து ஊற்ற வேண்டும். பொடியை அழுத்தித் திணிக்கக் கூடாது. தட்டிச் சமன் செய்தால் போதும். இறங்கிய டிகாக்ஷனை அடுப்பில் வைத்துச் சுடவைக்கவும் கூடாது.

இத்தனை செய்தும் டம்ளரில் கால்வாசி மிஞ்சியது. ஜனவரி முதல் வாரம், விடிந்தும் விடியாத பனிமூட்டம். நான் ஃபில்டரோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது அம்மா ஸ்வெட்டரும் மஃப்ளருமாக அடுக்களை வாசலில் வந்து நின்றாள். வந்த நாளாக அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஃபில்டரைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஐஸ் மாதிரி இருக்கேடா. வெந்நீர் இதுல பட்டதுமே ஆறிடாதா? முதல்ல இதுக்கு ஒரு குளியல் போடு."

ஃபில்டரின் இரண்டு பாகங்களையும் வெந்நீரில் முக்கி எடுத்துத் துடைத்தாள். பொடியைத் தானே போட்டாள். பாலையும் விடவில்லை. 6 சதவீதக் கொழுப்புள்ள ஃபுல் கிரீம் பாலை நான் சுண்டக் காய்ச்சி வைத்திருந்தேன். "இது காபிக்கா, திரட்டுப்பாலுக்கா?" என்று வேறு பால் காய்ச்சச் சொல்லி, ஒரு பொங்கலோடு இறக்கினாள். அந்தக் காபியில் கசப்பு இருந்தது, நாக்கில் தங்கவில்லை.

பொங்கல் வந்தது. அவள் ஊர்ப் பேச்சை எடுக்கவில்லை. டிக்கெட்டைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை. கனுவன்று காலை பொடி டப்பாவைக் குலுக்கிப் பார்த்தவள், "தீரப் போறது. இந்தத் தடவை கடைக்கு நானும் வரேன். வறுக்கறதை நான் பார்க்கணும்" என்றாள்.