வெட்டியும் ஒட்டியும் வளர்ந்த கலை

பூக்களைப் பறித்துக் கூடையில் குவித்தால் மாலை ஆகிவிடுமா? நாரெடுத்து, பொருத்தம் பார்த்துத் தொடுத்தால்தான் மாலை. அதுபோல, கேமரா எடுத்துத் தரும் காட்சித் துண்டுகளைத் தேர்ந்து, வெட்டி, ஒட்டிக் கதையாக்கும் கலையே படத்தொகுப்பு. இதனை எடிட்டிங் என்றும் வழங்குவர். திரையில் நடிகரைக் காண்கிறோம். தொகுப்பாளரின் கையை மட்டும் காண்பதில்லை. ஆயினும் நம்மை அழவும் சிரிக்கவும் வைப்பதில் அந்தக் கைக்குப் பெரும் பங்கு உண்டு. அக்கலை வளர்ந்த கதையைச் சுருக்கமாகக் காண்போம்.

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுப் படம் காட்டினர். ஒவ்வொரு படமும் ஒரு நிமிட அளவே ஓடியது. கேமராவை ஓரிடத்தில் ஊன்றி, சுருள் தீரும்வரை எடுத்த படங்கள் அவை. தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வெளியே வருவதைக் கண்டே மக்கள் வியந்தனர்.

பின்னர் அமெரிக்காவில் எட்வின் போர்ட்டர் 1903இல் 'மாபெரும் ரயில் கொள்ளை' என்ற படத்தில், பல இடங்களில் நிகழ்வனவற்றை இணைத்து ஒரே கதையாக்கினார். அவருக்குப் பின் வந்த கிரிஃபித், ஒரே வேளையில் இரண்டு இடங்களில் நடப்பதை மாற்றி மாற்றிக் காட்டும் முறையை வளர்த்தார். 1909இல் அவர் எடுத்த 'தனித்த மாளிகை'யில், வீட்டினுள் தாயும் பெண்மக்களும் கொள்ளையருக்கு அஞ்சி நடுங்குகின்றனர். தொலைவிலிருந்து தந்தை விரைந்து வருகிறார். இங்கும் அங்குமாகக் காணக் காண நம் நெஞ்சு பதறுகிறது.

ஆனால் இதே உத்தியை 1915இல் 'ஒரு தேசத்தின் பிறப்பு' படத்தில் அவர் எதற்குப் பயன்படுத்தினார்? கறுப்பின மக்களைக் கொடுமை செய்த கூ க்ளக்ஸ் க்ளான் கூட்டத்தைக் காப்பாற்ற வரும் வீரர்களாகக் காட்டினார். கொடியவர் குதிரையேறி வர, அரங்கில் கைதட்டல் எழுந்தது. கறுப்பின மக்கள் பல நகரங்களில் எதிர்ப்புத் தெரிவித்தனர். மறைந்துபோயிருந்த அக்கூட்டம் அதே ஆண்டில் மீண்டும் தொடங்கப்பட்டது. கத்தி காய் நறுக்கவும் உதவும். கையை அறுக்கவும் செய்யும் அல்லவா?

இந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது? ரஷ்யாவில் குலெஷோவ் என்பவர் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சியே காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்து, ஒரு சூப் தட்டு, ஒரு சவப்பெட்டி, விளையாடும் ஒரு குழந்தை ஆகிய காட்சிகளோடு தனித்தனியே ஒட்டினார். பார்த்தவர்கள் அதே முகத்தில் சிந்தனையையும் துயரத்தையும் மகிழ்ச்சியையும் கண்டு நடிப்பைப் புகழ்ந்தார்கள் என்று அவருடைய மாணவர் புடோவ்கின் எழுதியுள்ளார். முகம் மாறவில்லை, பார்ப்பவர் மனமே பொருளைச் சேர்த்துக் கொண்டது! 1925இல் ஐசன்ஸ்டீன் 'போர்க்கப்பல் பொட்டம்கின்' படத்தில் உறங்கும் சிங்கம், விழிக்கும் சிங்கம், எழும் சிங்கம் என மூன்று கற்சிலைகளை அடுத்தடுத்துக் காட்டினார். கல்லே சினந்து எழுவது போல் தோன்றியது.

தோழியரே! தொடக்க நாள்களில் படச்சுருளை வெட்டி ஒட்டுவதைத் தையல் வேலை போன்றதெனக் கருதிப் பெண்களிடம் விட்டனர். அவர்கள் அதனைக் கலையாக உயர்த்தினர். 1940ஆம் ஆண்டுப் படம் ஒன்றுக்காக ஆன் பாச்சன்ஸ், படத்தொகுப்புக்கு ஆஸ்கார் விருது பெற்ற முதல் பெண்மணியானார். 1975இல் வந்த 'ஜாஸ்' படத்தில் சுறாவை நெடுநேரம் காட்டாமலே நம்மை அஞ்ச வைத்த வெர்னா ஃபீல்ட்ஸும் அவ்விருதைப் பெற்றார்.

கத்தரிக்கோலின் இடத்தைப் பின்னர் கணினி பிடித்தது. 1996இல் வெளிவந்த 'தி இங்கிலிஷ் பேஷன்ட்', கணினியில் தொகுக்கப்பட்டு அதற்கான ஆஸ்காரைப் பெற்ற முதல் படம். இன்றோ கைப்பேசி வைத்திருப்பவர் எவரும் தொகுப்பாளரே. ஒருவர் பேசியதில் பாதியை வெட்டிவிட்டு மீதியைப் பரப்புவது நொடிப்பொழுது வேலை. ஆகவே ஒரு காட்சியைக் கண்டு நாம் கோபமோ இரக்கமோ கொள்ளுமுன், 'இதற்கு முன் என்ன இருந்தது? பின் என்ன இருந்தது? வெட்டியவர் யார்?' எனக் கேட்டுப் பழகுவோம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொன்னது வீண் அன்று.