முக்கூடல் நகரில் ஒரு மேடு

கடல் மட்டத்திற்கு மேல் இத்தனை மீட்டர் என்று ஓர் ஊரின் உயரத்தைப் புவியியல் நூலில் படிக்கும்போது, நாம் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஜெர்மனியின் தென்கிழக்குக் கோடியில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டியுள்ள பாசாவ் நகர மக்களுக்கோ ஒவ்வொரு மீட்டரும் உயிர்ப் பிரச்சினை.

இந்நகர் ஒரு முக்கூடல். மேற்கிலிருந்து டான்யூப் பேராறு வருகிறது. தெற்கிலிருந்து ஆல்ப்ஸ் மலையின் பனியுருகிய நீரைச் சுமந்து இன் ஆறு வருகிறது. வடக்கே பவேரியக் காட்டின் சதுப்பு நிலங்களில் ஊறிக் கறுத்த இல்ஸ் என்னும் சிற்றாறும் இங்கேயே வந்து சேர்கிறது. கலந்த பின்னும் சிறிது தொலைவுக்கு இன் ஆற்றின் பச்சையும் இல்ஸின் கருமையும் தனித்தனியே தெரிகின்றன. ஆண்டுச் சராசரியில் டான்யூபைவிடச் சற்று மிகுதியான நீரைக் கொணர்வது இன் ஆறுதான். ஆயினும் கூடலுக்குப்பின் பெயர் டான்யூபுக்கே! இது நமக்குச் சற்று அநியாயமாகவே படுகிறது.

டான்யூபுக்கும் இன்னுக்கும் நடுவே நாக்கைப்போல நீண்டு ஒடுங்கும் நிலத்தில் பழைய நகர் அமைந்துள்ளது. உரோமையர் கோட்டை கட்டிய இடம் அது. 739இல் புனித பொனிப்பாசியார் இங்கு மறைமாவட்டத்தை நிறுவினார். பிற்காலத்தில் அது டான்யூப் வழியே வெகுதொலைவு பரந்தது. வியன்னா நகர்கூட 1469 வரை பாசாவ் ஆயரின் ஆளுகையில்தான் இருந்தது. பழைய நகரின் மிக உயர்ந்த மேட்டில் புனித முடியப்பர் பேராலயம் நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 303 மீட்டர். டான்யூபின் வழக்கமான நீர்ப்பரப்பிற்கு மேல் ஏறத்தாழ 13 மீட்டர். 1662இல் நகரையே அழித்த தீ இவ்வாலயத்தையும் விடவில்லை. ஆனால் வெள்ளம் இம்மேட்டை எட்டுவதில்லை.

எதிரே, டான்யூபின் மறுகரைக் குன்றில், 1219இல் எழும்பத் தொடங்கிய ஓபர்ஹவுஸ் கோட்டை. நாட்டை ஆண்ட ஆயர்களை அது பகைவரிடமிருந்து மட்டுமன்று, கிளர்ந்தெழுந்த சொந்த நகர மக்களிடமிருந்தும் காத்தது! இன் ஆற்றின் அக்கரைக் குன்றில் சகாய அன்னையின் திருத்தலம். 321 படிகளைச் செபித்தவாறே ஏறுகின்றனர் பக்தர்கள்.

தாழ்ந்த கரைகளில் வாழ்வோரின் நிலை வேறு. 2013 ஜூன் 3ஆம் நாள், பல நாள் கனமழைக்குப் பின் டான்யூபும் இன்னும் ஒருசேரப் பொங்கின. வழக்கமாக நான்கு, ஐந்து மீட்டர் காட்டும் டான்யூபின் அளவுகோல் அன்று 12.89 மீட்டர் காட்டியது. தெருக்கள் ஆறுகளாயின, குடிநீர் வழங்கலும் நிறுத்தப்பட்டது. நீர் வடிந்ததும் பல்கலைக்கழக மாணவர்கள் திரண்டு வந்து, முன்பின் அறியாதவர்களின் வீடுகளிலிருந்து சேற்றை அள்ளினர். 2024 ஜூனிலும் நீர் 10 மீட்டரை நெருங்கியது.

டான்யூப் கரையிலுள்ள நகர மன்றச் சுவரில் பெருவெள்ளங்களின் உயரங்கள் ஆண்டுவாரியாகக் குறிக்கப்பட்டுள்ளன. 2013ஆம் ஆண்டின் குறியைக் காண்போர் அண்ணாந்து பார்க்கவேண்டும். அதற்கும் மேலே, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரத்தில், 1501ஆம் ஆண்டின் குறி உள்ளது.