மொறிஸ் மைனரின் நோயும் காரணமும்

தமிழாசிரியர்க்கு மோட்டார் வண்டியிடத்து என்ன வேலை எனச் சிலர் வினவலாம். நோயினை அறிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தீர்க்கும் வழி கண்ட பின்னரே செயலிற் புகுதல் வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்த நெறி. அக்குறளின் எண் 948. 1956இல் வெளிவந்த மொறிஸ் மைனர் 1000 வண்டியின் இயந்திரக் கொள்ளளவும் 948 கன சென்ரிமீற்றரே. எண்கள் ஒத்தது தற்செயல். ஆயினும் அந்நெறி அவ்வண்டிக்கு முற்றும் பொருந்துமென்பதை ஈண்டு விளக்குவோம்.

1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர் யாழ்ப்பாணத்துத் தெருக்களிற் பல தலைமுறைகளைக் கண்டது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திற் பெற்றோல் கிட்டாமையால், காபரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அந்நாளில் இயந்திரம் திணறினாற் காபரேற்றரை ஐயுற்றது நியாயமே. எனினும் வண்டி நிற்குந்தோறும் அதனையே கழற்றுதல் தகாது. எரிபொருட் குறைபோலத் தோன்றுவனவற்றுட் பல மின்கோளாறுகளேயாம்.

இவ்வண்டியின் எஸ்.யு. காபரேற்றரில் மின்கம்பி எதுவுமில்லை. ஆனால் அதற்குப் பெற்றோல் ஊட்டும் பம்பு மின்னால் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் அது 'டிக், டிக்' என விரைந்து ஒலித்து, காபரேற்றரின் மிதவைக் கிண்ணம் நிறைந்ததும் அடங்கும். ஒலியே எழாவிடின் பம்பிற்கு மின் வரவில்லை, அல்லது அதன் தொடுமுனைகள் கருகியுள்ளன. இயந்திரம் ஓடாதிருக்கவும் பம்பு ஓயாது ஒலித்தால், தாங்கியிற் பெற்றோல் தீர்ந்ததோ, குழாயிற் காற்றுப் புகுந்ததோ, மிதவையின் ஊசி வாயிலை அடைக்கவில்லையோ எனப் பார்க்க. ஆகவே, ஒரு கருவியும் எடாமற் செவியாலேயே பாதி நோயை அறியலாம்.

அடுத்து மின்கம்பிகளின் நிறத்தை நோக்குக. கபில நிறக்கம்பியில் எப்போதும் மின் உண்டு. வெண்ணிறக்கம்பி சாவியைத் திருப்பியபின் மின் பெறும். கொயிலும் பம்பும் அதனையே சார்ந்தவை. பச்சைக்கம்பி உருகியைக் கடந்து வருவது. கருமை புவித்தொடுப்பு. 12 வோல்ற்றுச் சிறு விளக்கொன்றின் ஒரு முனையை வண்டியின் உடலிலும் மறுமுனையை ஒவ்வோர் இணைப்பிலும் வைத்து வரிசையாகச் சென்றால், ஒளி எங்கு மறைகின்றதோ அதற்குச் சற்று முன்னே குற்றம் உளது.

பம்பு செவ்வனே ஒலித்தும் இயந்திரம் எழாவிடிற் பொறியைச் சோதிக்க. டிஸ்ரிபியூட்டரின் தொடுமுனை இடைவெளி 0.015 அங்குலமும் பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலமும் இருத்தல் வேண்டும். சூடேறியபின் நின்று, ஆறியதும் மீண்டும் ஓடும் வண்டியிற் கொயிலையும் ஐயுறுக.

இனி, பலர் கருதாத ஓர் ஆபத்தைக் கூறுவோம். இயந்திரம் இறப்பர்த் தாங்கிகளின்மேல் இருப்பதால், தடித்த புவித்தொடுப்புப் பட்டியொன்று அதனை உடலோடு இணைக்கின்றது. அது துருவேறியோ அறுந்தோ போனால், ஸ்ராட்டரின் பெருமின்னோட்டம் வேறு வழி தேடும். காபரேற்றருக்குச் செல்லும் மெல்லிய சோக்குக் கம்பியே அதற்கு வழியாகிவிடும். கம்பி காய்ந்து புகையும், அருகிலோ பெற்றோல். காபரேற்றர்ப் பக்கம் புகை கண்டாற் காபரேற்றரைக் கழற்றுவதால் யாது பயன்? பட்டியை மாற்றுதலே மருந்து.

உருகி எரிந்தால் அவ்விடத்திற் செப்புக்கம்பியோ வெள்ளித்தாளோ செருகற்க. உருகி காவலாளி, அவனை அகற்றினாற் கம்பித்தொகுதி முழுதும் எரியக்கூடும். கம்பிகளைத் தொடுமுன் பற்றரியின் புவித்தொடுப்பை முதலிற் கழற்றுக. மாற்றஞ் செய்யப்படாத இவ்வண்டியில் அது நேர்முனையாகும் என்பதை மறவற்க. இக்கால வானொலி முதலியவற்றை இதனை அறியாது பொருத்தினால் அவை பழுதாகும்.

மாணவர்களே, இலக்கணத்தில் ஒரு சொல்லைப் பகுதி, விகுதி எனப் பிரித்தறியும் பொறுமையே இங்கும் வேண்டப்படுவது. நள்ளிரவில் நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி வழியில் நின்றுவிட்டால், ஊகித்துக் கழற்றுபவன் பொழுதை இழப்பான். முறைப்படி வினவுபவன் வழியைக் காண்பான். கைத்தொழில் அறிவும் கல்வியே எனக் கொண்டு இதனைப் பயில்வீராக.