1927-ல் கட்டியது, இன்னும் ஓடுது! மர ரோலர் கோஸ்டர் இயங்குவது எப்படி?

நியூயார்க்கின் கோனி ஐலேண்ட் கடற்கரை. 'கடகட'வென்ற சத்தத்தோடு மெதுவாக மேலே ஏறுகிறது ஒரு குட்டி ரயில். உச்சியில் ஒரு நொடி அமைதி. அடுத்து, 85 அடி உயரத்திலிருந்து, கிட்டத்தட்ட 60 டிகிரி சரிவில் ஒரே பாய்ச்சல்!

1927 ஜூன் 26-ல் திறக்கப்பட்ட 'சைக்ளோன்' ரோலர் கோஸ்டர்தான் இது. ஓடுவது மரப் பாதையில். 'மரமாச்சே, தாங்குமா?' என்ற சந்தேகம் வருதா? பார்ப்போம்.

எஃகுத் தூண் இருக்கே, எப்படி மரக் கோஸ்டர்?

சைக்ளோனைத் தாங்கி நிற்பது எஃகுச் சட்டங்கள்தான். ஆனால், தூண் எதில் செய்தது என்பது கணக்கில்லை. சக்கரம் ஓடும் பாதை எதில் செய்தது என்பதுதான் கணக்கு. மரப் பலகைகளை அடுக்கடுக்காகச் சேர்த்து, மேலே மெல்லிய எஃகுப் பட்டை பதித்திருப்பார்கள்.

இன்ஜின் எங்கே?

ரயிலில் கிடையாது. ஒரு சங்கிலி, பெட்டிகளை முதல் மேட்டின் உச்சிவரை இழுத்துவிடும். அதன் பிறகு எல்லாமே புவியீர்ப்பு விசைதான். உராய்விலும் காற்றின் தடையிலும் ஆற்றல் குறைந்துகொண்டே வரும். அதனால், அடுத்து வரும் மேடுகள் முதல் மேட்டைவிடத் தாழ்வாகவே இருக்கும்.

அந்த 'கடகட' சத்தம்? பெட்டிக்கு அடியில் இருக்கும் கொக்கி, பாதையில் உள்ள பற்களை ஒவ்வொன்றாகத் தாண்டும் சத்தம். சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னால் சரியாமல் அது பிடித்துக்கொள்ளும்.

தூக்கி அடிக்குதே, பாதையை விட்டுப் பறந்துடாதா?

மேட்டைத் தாண்டும்போது உடம்பு சீட்டிலிருந்து எழும்பும். ரயிலும் எழும்பத்தான் பார்க்கும். இதற்கு வழி கண்டவர் அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் மில்லர். பாதைக்கு அடியிலும் சக்கரம் பொருத்தும் முறைக்கு 1919-ல் காப்புரிமை பெற்றார். பாதையை மேலும் கீழும் சக்கரங்கள் கவ்விப் பிடிப்பதால், செங்குத்தான சரிவுகளைத் துணிந்து கட்ட முடிந்தது.

அப்போ ஏன் இவ்வளவு குலுங்குது?

மரம் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும், பாரத்தில் கொஞ்சம் வளையும். அந்த நெகிழ்வுதான் குலுக்கல். அதைத் தேடித்தான் ரசிகர்கள் வருகிறார்கள். ஆனால், இதற்கு ஒரு விலை உண்டு. பாதையை அடிக்கடி சோதிக்கணும், ஆணிகளை இறுக்கணும், நைந்த பலகைகளை மாத்திக்கிட்டே இருக்கணும்.

இடிக்கப் பார்த்தார்களாமே?

ஆமாம். 1970-களில், பக்கத்திலுள்ள அக்வேரியத்தை விரிவாக்க சைக்ளோனை இடிக்கும் யோசனை வந்தது. மக்கள் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. பழுதுபார்க்கப்பட்டு 1975-ல் மறுபடி ஓடத் தொடங்கியது. 1988-ல் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. 1991-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம்பிடித்தது.

அதே கோனி ஐலேண்டில், 1925-ல் கட்டப்பட்ட 'தண்டர்போல்ட்' கோஸ்டரும் இருந்தது. 1982-ல் ஓட்டம் நின்றது. கவனிப்பாரின்றிக் கிடந்து, 2000-ல் இடிக்கப்பட்டது. சைக்ளோனைவிட அதற்கு வயது 2 தான் அதிகம்.