மின்சாரமும் வெந்நீரும்

ஹைட்ரஜனை எரிக்காமலே ஆக்ஸிஜனுடன் சேர்த்து மின்சாரம் பெறும் கருவியே எரிபொருள் மின்கலம். 1839-இல் வில்லியம் குரோவ் இதற்கு வழிகாட்டினார். நீரும் வெப்பமும் மிஞ்சும். 2009 முதல் ஜப்பானிய வீடுகளில் 'எனெ-ஃபார்ம்' என்னும் கருவி சுமார் 700 வாட் மின்சாரமும், அவ்வெப்பத்தால் வெந்நீரும் தருகிறது. எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிப்பதால் கரியமில வாயுவும் வெளிவருவது ஒரு குறையே. சென்னைத் தரமணியிலும் எரிபொருள் மின்கல ஆய்வு நடக்கிறது.

விளக்கு இரவில் வேண்டும். குளிக்க வெந்நீரோ விடியலில் வேண்டும். ஆகவே கருவியை வாங்குமுன், மணிதோறும் தேவையை எழுதிக் கணக்கிலேயே ஓட்டிப் பார்க்கிறார்கள். இதுவே மாதிரியாக்கம். ஒரு கிலோவாட் வெப்பம் ஒரு மணி நேரத்தில் சுமார் 28 லிட்டர் நீரை 30 டிகிரி சூடேற்றும். விடுதியில் நாற்பது பேருக்கு 600 லிட்டர் என்றால் 21 மணி நேரம் ஆகும்! ஆனால் கூரத்துச் சித்திரை வெயிலில் வெந்நீரை யார் கேட்பார்? தொட்டி நிறைந்தபின் அவ்வெப்பம் வீணே.