மின்சார மாதிரி விமானம்: வாங்கு முன் கணக்குப் பார்ப்போம்

பற்றரியின் வலுவில் பறக்கும் சிறிய விமானங்களைச் செய்து, தரையில் நின்றபடி ரேடியோ மூலம் ஓட்டுவதில் இன்று பல இளைஞர்கள் ஆர்வம் காட்டுகிறார்கள். இது வெறும் விளையாட்டல்ல. பாடசாலையில் படித்த மின்னோட்டம், வலு, ஈர்ப்பு மையம் யாவும் இங்கே கைக்கு அகப்படும் விடயங்களாகின்றன. ஆனால் பலர் கண்ணில் பட்ட பகுதிகளை வாங்கிவிட்டு, அவை ஒன்றோடொன்று பொருந்துமா என்று பின்னரே யோசிக்கிறார்கள். மோட்டர் கருகுகிறது, பற்றரி ஊதிப் போகிறது, சேர்த்துவைத்த பணமும் போய்விடுகிறது. முதலில் கணக்கு, பின்னர் கடை என்ற ஒழுங்கைக் கைக்கொண்டால் இந்த நட்டத்தைத் தவிர்க்கலாம்.

1957 ஜூன் 30ஆம் திகதி இங்கிலாந்தில் கேணல் ரப்ளின் என்பவர் 'ரேடியோ குயீன்' என்ற மாதிரி விமானத்தை மின்மோட்டரால் பறக்கவிட்டார். அதில் இருந்தது வெள்ளி-நாகப் பற்றரி. பின்னர் நீண்டகாலம் பாரமான நிக்கல்-கட்மியம் பற்றரிகளே பயன்பட்டன. 2000ஆம் ஆண்டிற்குப் பின்னர் தூரிகையற்ற மோட்டரும் லிதியம் பொலிமர் பற்றரியும் பரவலாகவே, இந்தக் கலை சாதாரண மக்களுக்கும் எட்டியது.

முதலில் நிறை

எல்லாக் கணக்கும் விமானத்தின் மொத்த நிறையிலிருந்து தொடங்குகிறது. பழகுபவருக்கு ஏற்றது, இறக்கை மேலே அமைந்த, மெதுவாகப் பறக்கும் விமானமே. இறக்கை 130 சென்ரிமீற்றர் நீளமும் 20 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது என்றும், பற்றரியுடன் மொத்த நிறை 1 கிலோகிராம் என்றும் எடுத்துக்கொள்வோம். இத்தகைய விமானத்திற்குக் கிலோவுக்கு 150 முதல் 200 வாற்று வலு போதும். நாம் 200 வாற்று என்று வைப்போம்.

மோட்டரும் சுழல்விசிறியும்

மூன்று கலங்கள் கொண்ட லிதியம் பொலிமர் பற்றரியின் பெயரளவு அழுத்தம் 11.1 வோல்ற்று. சுமை ஏறும்போது அது ஏறத்தாழ 10.5 வோல்ற்றுக்கு இறங்கும். 200 வாற்றை 10.5 ஆல் வகுத்தால் 19 அம்பியர் வருகிறது. ஆகவே 20 அம்பியருக்கு மேல் தாங்கும் மோட்டர் வேண்டும்.

மோட்டரில் 'கேவி' என்று ஓர் எண் குறிக்கப்பட்டிருக்கும். சுமை இல்லாதபோது ஒரு வோல்ற்றுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதே அதன் பொருள். எண் பெரிதானால் மோட்டர் வலுவானது என்று எண்ணுவது தவறு. வேகமாகச் சுற்றும் மோட்டருக்குச் சிறிய விசிறியும், மெதுவாகச் சுற்றுவதற்குப் பெரிய விசிறியும் பொருந்தும். எமது விமானத்திற்கு 1000 கேவி அளவிலான மோட்டரும், 10 அங்குல விட்டமும் 5 அங்குலப் புரியிடையும் உள்ள விசிறியும் தகும். இவ்விசிறி நிமிடத்திற்கு 8000 சுற்றுச் சுற்றினால், மணிக்கு 61 கிலோமீற்றர் வேகத்தில் காற்றைப் பின்தள்ளும். விமானம் தாழாமல் பறக்க மணிக்கு 27 கிலோமீற்றர் அளவு போதும் என்பதால் இது தாராளம்.

விசிறியை 'கொஞ்சம் பெரிதாக' மாற்றுவோர் கவனிக்க வேண்டும். 10 அங்குலத்தை 11 ஆக்கி அதே வேகத்தில் சுழற்ற ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வலு தேவை. மோட்டர்கள் கருகுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

வேகக் கட்டுப்படுத்தியும் பற்றரியும்

20 அம்பியர் ஓட்டத்திற்கு 30 அம்பியர் வேகக் கட்டுப்படுத்தி பாதுகாப்பானது. பற்றரி 2200 மில்லி அம்பியர் மணி கொள்ளளவும் '25சி' குறியும் உள்ளதாக இருக்கட்டும். 2.2 ஐ 25 ஆல் பெருக்கினால் 55 அம்பியர். குறிகள் சற்று மிகைப்பட்டிருந்தாலும் எமது தேவைக்குப் போதும். முழு விசையில் ஆறு நிமிடத்திற்குச் சற்று மேலாகத் தாங்கும். கடைசி ஐந்திலொரு பங்கை மிச்சம் வைத்து இறக்க வேண்டும்.

லிதியம் பற்றரி தீப்பிடிக்கக்கூடியது. கலங்களைச் சமப்படுத்தும் சார்ஜரால் 2.2 அம்பியருக்கு மேற்படாமல் ஏற்றுங்கள். ஒரு கலம் 4.2 வோல்ற்றைத் தாண்டக்கூடாது, 3.3 வோல்ற்றுக்குக் கீழ் இறங்கவும் விடக்கூடாது. பல நாள் வைப்பதானால் 3.8 வோல்ற்றில் வையுங்கள். ஆளில்லாத வீட்டில், ஓலைக் கூரையின் கீழ், பாயின் மேல் ஒருபோதும் சார்ஜ் ஏற்றாதீர்கள். ஊதிய பற்றரியை மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.

பொருத்தும் முறை

1. மேசையில் வேலை செய்யும்போது விசிறியைக் கழற்றி வையுங்கள். எதிர்பாராமல் சுழலும் விசிறி விரலைத் துண்டிக்கும்.

2. மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றினால், மூன்று வயர்களில் ஏதேனும் இரண்டை மாற்றிப் பொருத்துங்கள்.

3. கையிலுள்ள ரேடியோவை முதலில் போட்டு, கடைசியில் நிறுத்துங்கள். தொடர்பு அறுந்தால் மோட்டர் தானாக நிற்கும்படி அமையுங்கள்.

4. பின்னால் நின்று பாருங்கள். கோலை வலப்பக்கம் தள்ளினால் வல இறக்கையின் மடல் மேலெழ வேண்டும். கோலை உங்கள் பக்கம் இழுத்தால் வாலின் ஏற்று மடல் மேலெழ வேண்டும்.

5. விசிறியைப் பூட்டி, விமானத்தை உறுதியாகப் பிடித்து, வாற்றுமானியால் முழு விசையில் சில செக்கன்கள் அளவுங்கள். 20 அம்பியரை நன்கு தாண்டினால் சிறிய விசிறிக்கு மாறுங்கள்.

சமநிலை

இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 சென்ரிமீற்றர் தூரத்தில், இரு பக்கமும் விரல் நுனியால் தாங்கிப் பாருங்கள். பற்றரி உரிய இடத்தில் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். மூக்கு சற்றே தாழ்ந்தால் குறையில்லை. வால் தாழ்ந்தால் பறக்கவிடாதீர்கள். பற்றரியை முன்னே நகர்த்துங்கள். பின்பாரமான விமானத்தை எவ்வளவு கைதேர்ந்தவரும் அடக்குவது கடினம்.

பறக்குமுன்

இலங்கையில் ஆளில்லா விமானங்கள் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளுக்கு உட்பட்டவை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின் அவற்றைப் பறக்கவிடுவது தடைசெய்யப்பட்டதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஆகவே முன்கூட்டியே அனுமதி பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். ஆட்களும் மாடுகளும் மின்கம்பிகளும் இல்லாத வெளியைத் தெரிந்து, காற்று அடங்கிய காலை வேளையில், பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஒரு கொப்பியில் நிறை, அம்பியர், பறந்த நிமிடம் மூன்றையும் ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். அடுத்த விமானத்திற்குப் பொருள் வாங்கும்போது, கடைக்காரரின் வாய்ப்பேச்சைவிட அந்தக் கொப்பியே உங்களுக்கு உதவும்.