'இண்டஸ்ட்ரியிலிருந்து ஆள் வர்றாங்க'... அந்த ஒரு மணி நேரத்தில் இன்ஜினியரிங் மாணவர்கள் என்ன கேட்கணும்?

செமினார் ஹால், குத்துவிளக்கு, பொன்னாடை. முதல்வர் உரை, துறைத் தலைவர் உரை, சிறப்பு விருந்தினர் அறிமுகம் என்று முதல் நாற்பது நிமிடம் போய்விடும். பிறகு மைக்கைப் பிடிக்கும் நிறுவன மேலாளர், "கம்யூனிகேஷன் ஸ்கில் வளர்த்துக்கோங்க, பாசிட்டிவா இருங்க" என்பார். கைதட்டல், குரூப் போட்டோ, கிளம்பியாச்சு. தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் படித்தவர்கள் பெரும்பாலானோருக்கு இந்தக் காட்சி பழக்கம்தான்.

ஆனால் இதை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சித்தப்பாவோ அக்காவோ ஐடியில் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு எந்த வேலை எப்படி, எந்த கம்பெனியில் என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே தெரிந்துவிடும். முதல் பட்டதாரி சலுகையில் சேர்ந்த மாணவருக்கு அந்த வசதி இல்லை. வேலையில் இருக்கும் ஒரு இன்ஜினியரை நேருக்கு நேர் பார்த்துக் கேள்வி கேட்க அவருக்குக் கிடைக்கும் முதல் வாய்ப்பே இந்த செமினார் ஹால்தான். அதை எப்படிப் பயன்படுத்துவது?

ஏன் இவ்வளவு கூட்டங்கள்?

கல்லூரிகள் ஆசைப்பட்டு மட்டும் இதை நடத்துவதில்லை. 2018-ல் ஏஐசிடிஇ வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம், பட்டத்துக்கான மொத்த கிரெடிட்டை 160 ஆகக் குறைத்து, இன்டர்ன்ஷிப்பையும் பாடத்தின் பகுதியாக்கியது. 2022-ல் யுஜிசி 'பேராசிரியர் ஆஃப் பிராக்டிஸ்' என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒரு துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உள்ளவர், பிஎச்டி இல்லாவிட்டாலும் உயர்கல்வி நிறுவனத்தில் பாடம் எடுக்கலாம். அதே 2022, மார்ச் 1-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில், கல்லூரிகளிலேயே தொழில்துறை சார்ந்த திறன் படிப்புகள் நடக்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும்போது தொழில்துறையோடு அவற்றுக்கு என்ன தொடர்பு என்பதும் பார்க்கப்படுகிறது. அதற்கு ஆவணம் வேண்டும். குரூப் போட்டோ ஏன் அவ்வளவு முக்கியமாகிறது என்பது இப்போது புரிந்திருக்கும்!

வந்திருப்பவர் யார்?

முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஹெச்ஆர் பிரிவிலிருந்து வருபவருக்கு, ஆள் எடுக்கும் முறை நன்றாகத் தெரியும். கட்-ஆஃப் எவ்வளவு, அரியர் இருந்தால் எழுதலாமா, எத்தனை சுற்று என்பதையெல்லாம் அவரிடம் கேட்கலாம். ஆனால், வேலையில் சேர்ந்த பிறகு காலை ஒன்பது மணியிலிருந்து மாலை வரை என்ன செய்வோம் என்று கேட்டால், அவரிடமிருந்து பொதுவான பதிலே வரும். அது அவர் தப்பில்லை, அவர் வேலை வேறு.

பெரிய பதவியில் இருப்பவரின் கதை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அவர் வேலைக்குச் சேர்ந்தது 25 வருஷத்துக்கு முன்னால். இன்றைக்கு ஃபிரெஷருக்கு என்ன நிலவரம் என்பது, அதே கல்லூரியில் படித்துவிட்டு மூணு வருஷமாக வேலை பார்க்கும் சீனியருக்குத்தான் தெரியும். கூட்டம் சேர்க்க அவர் பெயர் உதவாது, ஆனால் மாணவருக்கு அதிகம் உதவுவது அவர்தான்.

மூன்றாவது ரகம்தான் ஆபத்து. 'இண்டஸ்ட்ரி எக்ஸ்பர்ட்' என்ற பெயரில் வந்து, 'உங்க சிலபஸ் வேஸ்ட், இந்தப் பயிற்சி இல்லாம வேலையே கிடைக்காது' என்று பயமுறுத்தி, கடைசியில் கூகுள் ஃபார்மில் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, 'இன்னைக்கு மட்டும் பாதி ஃபீஸ்' என்பவர்கள். பயிற்சி மையங்கள் எல்லாமே மோசடி அல்ல. ஆனால் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி டெபாசிட் கேட்டால், அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். வேலைக்காக யாரிடமும் பணம் வாங்குவதில்லை என்று பெரிய நிறுவனங்கள் தங்கள் இணையதளங்களிலேயே எச்சரிக்கை போட்டிருக்கின்றன.

'கோர்' வேலை... உள்ளே என்ன நடக்கிறது?

'கோர் கம்பெனிதான் போகணும்' என்று சொல்லும் மெக்கானிக்கல் மாணவர்களில் பலருக்கு, அங்கே என்ன வேலை என்பது தெரியாது. ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ வாகன உதிரிபாகம் செய்யும் ஆலையில் ஜிஇடி, அதாவது பட்டதாரி பயிற்சிப் பொறியாளராகச் சேர்பவர், கணினி முன்னால் உட்கார்ந்து கார் டிசைன் செய்யப்போவதில்லை. லைனில் நிற்க வேண்டும். ஷிப்டில் இத்தனை பீஸ் வரணும் என்ற இலக்கு, எத்தனை ரிஜெக்ட் ஆனது, ஏன் ஆனது, மெஷின் நின்றால் யாரைக் கூப்பிடணும் என்பதுதான் அன்றாடம். நைட் ஷிப்டும் உண்டு. இருபது வருஷ அனுபவம் உள்ள ஆபரேட்டரிடம் பணிவாகக் கேட்டுக் கற்றுக்கொள்ளத் தெரியவேண்டும். அது எந்த சிலபஸிலும் இல்லை.

இசிஇ மாணவர்களிடம் 'விஎல்எஸ்ஐ' மோகம் அதிகம். ஆனால் அந்தத் துறையில் வேலையின் பெரும்பகுதி, ஏற்கெனவே வரைந்த சிப் வடிவமைப்பு சரியாக இயங்குமா என்று சோதிக்கும் 'வெரிஃபிகேஷன்' பிரிவில் இருக்கிறது. அதற்கு சர்க்யூட் அறிவோடு சிஸ்டம் வெரிலாக் போன்ற மொழியில் நிரல் எழுதவும் தெரியணும். 'கோடிங் பிடிக்கல, அதனால விஎல்எஸ்ஐ' என்று முடிவெடுப்பவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம். சிவில் படித்தவருக்கோ சைட்டா, டிசைன் ஆபீஸா என்பதைப் பொறுத்து வாழ்க்கையே வேறு.

சிஎஸ்இ, ஐடி மாணவர்களுக்கும் இதே கதைதான். சர்வீஸ் நிறுவனத்தில் சேர்ந்தால் எந்த புராஜெக்ட், எந்தத் தொழில்நுட்பம் என்பது நம் கையில் இருக்காது. ஜாவா படித்துவிட்டுப் போனவர் சப்போர்ட் புராஜெக்ட்டில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அப்போ எதைக் கேட்கணும்?

'சார், எந்த கோர்ஸ் படிச்சா வேலை கிடைக்கும்?' என்ற கேள்விக்கு எப்போதுமே மொக்கைப் பதில்தான் வரும். 'நேத்து ஆபீஸ்ல என்ன வேலை பார்த்தீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் வேறு மாதிரி இருக்கும். 'உங்க டீம்ல போன வருஷம் சேர்ந்தவங்களுக்கு எது தெரியாம கஷ்டப்பட்டாங்க?', 'மூணு வருஷத்துல வேலையை விட்டுப் போனவங்க எதுக்காகப் போனாங்க?', 'இங்கிலீஷ் சரளமா வராதவங்க எப்படிச் சமாளிக்கிறாங்க?' இவையெல்லாம் தயங்காமல் கேட்கலாம். ஹாலில் கேட்கக் கூச்சமாக இருந்தால், தமிழிலேயே கேளுங்கள். அல்லது கூட்டம் முடிந்து அவர் காருக்குப் போகும்போது கேளுங்கள். பல நல்ல பதில்கள் அங்கேதான் கிடைக்கின்றன.

பணத்தைப் பற்றியும் கேட்கலாம், தப்பே இல்லை. சிடிசி என்று சொல்லும் தொகை கைக்கு வரும் சம்பளம் அல்ல. நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப்., கிராஜுட்டி, காப்பீடு, வேலைத்திறனைப் பொறுத்துத் தரும் தொகை எல்லாமே பெரும்பாலும் அதற்குள் அடக்கம். பாண்டு உண்டா, எத்தனை வருஷம், இடையில் விலகினால் எவ்வளவு கட்டணும், ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்பதையும் சேர்த்தே கேட்டுவிட வேண்டும்.

இதையெல்லாம் ஏழாவது செமஸ்டரில், கேம்பஸ் இன்டர்வியூ வாசலில் நின்றுகொண்டு கேட்பதில் பெரிதாகப் பயனில்லை. இரண்டாம் ஆண்டிலேயே கேட்டால்தான் எலக்டிவ், புராஜெக்ட், இன்டர்ன்ஷிப் ஆகியவற்றை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள முடியும்.

எங்க காலேஜுக்கு யாருமே வரலையே?

நியாயமான கேள்வி. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. எல்லா வாசலுக்கும் நிறுவனங்கள் வருவதில்லை. அப்படிப்பட்ட இடங்களில் மாணவர்கள்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. கோவையில் கொடிசியா நடத்தும் 'இன்டெக்', சென்னையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர்கள் சங்கம் நடத்தும் 'அக்மி' போன்ற இயந்திரக் கண்காட்சிகளில், ஸ்டாலில் நிற்பவர்களில் பலர் வேலையில் இருக்கும் இன்ஜினியர்கள். கூட்டம் குறைவான நேரத்தில் போனால் பொறுமையாகப் பேசுவார்கள். மாணவர்களுக்கான அனுமதி விதியை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

படிப்பு முடிந்தும் வேலை அமையாதவர்களுக்கு, மத்திய அரசின் 'நாட்ஸ்' எனப்படும் தேசிய அப்ரன்டிஸ் பயிற்சித் திட்டம் இருக்கிறது. 1961-ம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ், பட்டதாரிகள் நிறுவனங்களில் ஓராண்டு பயிற்சி பெறலாம். 2019-ல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரிக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் ரூ.9,000. தென் மாநிலங்களுக்கான வாரிய அலுவலகம் சென்னை தரமணியில் செயல்படுகிறது. பதிவு ஆன்லைனில்தான், கட்டணம் கிடையாது.